எறும்புக் கோடு

அவள் கோட்டுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். கால் விரல்களை மடக்கி வைத்துக்கொண்டாள். பட்டுவிடக் கூடாது.

கீழே தண்ணீர் லாரி வந்திருந்தது. வீட்டில் இருந்த இரண்டு குடங்களையும் எடுத்துக்கொண்டு அம்மா மூன்று மாடி இறங்கிப் போயிருந்தாள்.

வாசல் கதவைச் சாத்த முடியாது. போன மாதம் இவள் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, திறக்கத் தெரியாமல் கத்தி ஊரைக் கூட்டினாள். எதிர்வீட்டு மாமா கதவை உடைத்துத்தான் வெளியே எடுத்தார்.

அதனால் கோடு.

நிலைப்படிக்கு உள்ளே, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை, அம்மா எறும்புச் சாக்பீஸால் அழுத்தி இழுத்துவிட்டுப் போயிருந்தாள். தாண்டினால் எறும்பு மாதிரி செத்துப் போவாய் என்றும் சொல்லியிருந்தாள்.

அவசரத்தில் சொன்னதுதான். பூச்சாண்டி பிடித்துக்கொண்டு போவான், போலீஸ் வரும் என்று அம்மா ஒரு நாளைக்கு நூறு சொல்வாள். நாலரை வயதில் அதையெல்லாம் இவள் எப்போதோ நம்புவதை விட்டுவிட்டாள்.

ஆனால் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறாள். சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில்.

கோட்டில் ஏறிய எறும்பு கொஞ்ச தூரம் நன்றாகத்தான் போகும். பிறகு வட்டம் சுற்றும். பிறகு மல்லாந்து காலை உதறும்.

பாயில் தூங்கிக்கொண்டிருந்த தம்பி எப்போது விழித்தான் என்று தெரியவில்லை. தவழ்ந்து வந்தான். எச்சில் வழியச் சிரித்தான். அவள் சட்டையைப் பிடிப்பதற்குள் கோட்டின்மேல் ஏறி அந்தப் பக்கம் போய்விட்டான்.

வாடா என்றாள். கையைத் தட்டினாள். கொலுசை ஆட்டிக் காட்டினாள். பெரிய துரை, திரும்பினால்தானே.

வராந்தாவின் முடிவில் படிக்கட்டு.

அம்மா என்று கத்தினாள். கீழே குடங்களின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

தம்பி முதல் படியின் விளிம்பில் கையை வைத்தான்.

அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு கோட்டின்மேல் கால் வைத்துத் தாண்டினாள்.

தூக்க முடியவில்லை. கனம். அக்குளில் கை கொடுத்து இழுத்துக்கொண்டு வந்தாள். கோடு முழுக்க இருவர் காலிலும் ஒட்டிக்கொண்டு வந்தது.

பாயில் அவனை உட்கார வைத்தாள். அவன் கையை வாயில் வைக்கப் போனான். பிடித்துக்கொண்டாள். பாவாடையால் அவன் முட்டியைத் துடைத்தாள். வெள்ளை போகவில்லை.

கழுவலாம் என்றால் வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

தன் பாதத்தைப் பார்த்தாள். அதிலும் வெள்ளை. பயமாக இருந்தது. இன்னும் தலை சுற்றவில்லை. எறும்புக்கும் உடனே சுற்றாது.

அம்மா மூச்சு வாங்க ஏறி வந்தாள். இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடம். வாசலில் நின்று அழிந்த கோட்டைப் பார்த்தாள். வராந்தா வரைக்கும் போன சின்னக் கால் தடத்தைப் பார்த்தாள்.

கைக்குடத்தை வைத்துவிட்டு முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். சொன்னால் கேட்க மாட்டாயா என்றாள். இன்னொன்று வைத்தாள்.

அவள் அழவில்லை. படிக்கட்டைப் பற்றிச் சொல்லவில்லை. தம்பியின் கையை மட்டும் விடாமல் பிடித்திருந்தாள்.

"தம்பிக்கு மொதல்ல கழுவி விடும்மா. முட்டியில இருக்கு, கையிலயும் இருக்கு."

அம்மா இடுப்புக் குடத்தோடு அப்படியே நின்றாள்.

அவள் தம்பியின் கையை அம்மாவிடம் கொடுத்தாள். பிறகு பாயில் போய் மல்லாந்து படுத்துக்கொண்டாள்.