பாதி ஜெபம்

"செத்துப் பிழைச்சு வந்த மனுஷனுக்கு ஒரு ஸ்தோத்திரம் சொல்ல வாய் வரலையே!"

சபைச் செயலாளருக்கு மூக்குக்கு மேல் கோபம்.

மாதத்தின் முதல் ஞாயிறு அவர்கள் சபையில் சாட்சி நேரம். ஆண்டவர் தங்களுக்குச் செய்த நன்மையை ஒவ்வொருவராக வந்து மைக்கில் சொல்வார்கள். பல்வலி போனதற்கு நன்றி, தொலைந்த சாவி கிடைத்ததற்கு நன்றி, மாமியார் ஊருக்குத் திரும்பியதற்கும் நன்றி. போன மாதம் ஸ்கூட்டர் சறுக்கி முட்டிச் சிராய்ப்போடு தப்பித்த கதையைச் செயலாளரே கால் மணி நேரம் சொல்லி, பேன்ட்டைச் சுருட்டிக் காட்டவும் செய்தார்.

கடைசி பெஞ்சு இஸ்திரிக்காரர் மட்டும் இடத்தை விட்டு அசைய மாட்டார்.

அவர் கதை என்ன சாதாரணக் கதையா? சலவைக் கம்பெனியில் பாய்லர் வெடித்து, வெந்த உடம்போடு ஆஸ்பத்திரியில் கிடந்து, டாக்டர்கள் கையை விரித்த பிறகு எழுந்து நடந்து வந்தவர். சபையே உபவாசம் இருந்து ஜெபித்தது. ஏற்பாடு முழுக்கச் செயலாளருடையது. அந்த உரிமையில்தான் இத்தனை கோபமும்.

'இன்னைக்கு விடுறதில்லை' என்று மைக்கைப் பிடித்தார்.

"அடுத்ததா நம்ம இஸ்திரிக்கார சகோதரர் முன்னால வந்து சாட்சி சொல்வார்!"

எல்லோரும் பின்னால் திரும்பிப் பார்த்தார்கள். இஸ்திரிக்காரர் எழுந்தார். தழும்பேறிய கையால் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரிசையை விட்டு வெளியே வந்தார். பிறகு விறுவிறுவென்று வாசலைப் பார்த்து நடையைக் கட்டிவிட்டார்.

செயலாளருக்கு முகத்தில் அடித்தாற்போல் ஆகிவிட்டது. மைக்கைப் போதகர் கையில் திணித்துவிட்டுப் பின்னாலேயே ஓடினார். சைக்கிள் நிறுத்துமிடத்தில்தான் ஆளைப் பிடிக்க முடிந்தது.

"பிரதர், நில்லுங்க! ஆண்டவர் மேல அப்படி என்ன கோபம் உங்களுக்கு?"

"கோபமா? ஐயோ, இல்லைங்க. பயம்தான்" என்றார் இஸ்திரிக்காரர். "இன்னும் போகலை. இஸ்திரிப் பெட்டி 'புஸ்'ஸுன்னு ஆவி விட்டாலே கைகால் உதறுது. வீட்டுல குக்கர் வைக்கிறதையே நிறுத்திட்டோம். 'ஆண்டவரே, கூடவே இருங்க, கூடவே இருங்க'ன்னு சொல்லிக்கிட்டேதான் ஒவ்வொரு சட்டையையும் தேய்க்கிறேன். அவர் இல்லேன்னா நான் ஏது?"

"இதைத்தானய்யா உள்ள வந்து சொல்லச் சொல்றேன்! இதைவிட வேற என்ன சாட்சி வேணும்?"

இஸ்திரிக்காரர் ஜன்னல் வழியாக உள்ளே காட்டினார்.

"அந்த மூணாவது பெஞ்சைப் பாருங்க."

மூன்றாவது பெஞ்சில் அந்தச் சலவைக் கம்பெனி பாய்லர்காரரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் காலை ஆட்டிக்கொண்டு அவளுடைய சின்னப் பெண். அதே வெடிப்பில் சிக்கி, அதே வார்டில் இஸ்திரிக்காரருக்கு அடுத்த கட்டிலில் கிடந்த பாய்லர்காரர் வீடு திரும்பவில்லை.

"அவருக்கும் சேர்த்துத்தானே உபவாசம் இருந்தீங்க? நான் அங்க நின்னு 'கர்த்தர் என்னைக் காப்பாத்தினார்'னு சொன்னா, 'எங்கப்பாவை ஏன் காப்பாத்தலை'ன்னு அந்தக் குழந்தை கேட்காதா? அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. உங்ககிட்ட இருந்தா சொல்லுங்க, இப்பவே வர்றேன்."

மைக் கிடைத்தால் லேசில் விடாத செயலாளர் ஜன்னல் வழியாக அந்த மூன்றாவது பெஞ்சைப் பார்த்தார். பாய்லர்காரரின் சவப்பெட்டி மேல் மலர்வளையம் வைத்ததே இவர்தான். அந்த மனுஷனின் மனைவியை உட்கார வைத்துக்கொண்டுதான் தன் முட்டிச் சிராய்ப்பை விலாவாரியாகச் சொல்லியிருக்கிறோம் என்பது இப்போதுதான் உறைத்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"மன்னிச்சிடுங்கண்ணே" என்றார். பிரதர் எப்போது அண்ணன் ஆனார் என்று அவருக்கே தெரியவில்லை. "இனிமே உங்களைக் கூப்பிட மாட்டேன். நீங்க நிம்மதியா வீட்டுக்குப் போங்க."

இஸ்திரிக்காரர் தலையை ஆட்டிவிட்டு, பூட்டைத் திறக்கக் குனிந்தார்.

அப்போது வாசலில் கட்டியிருந்த ஸ்பீக்கர் கரகரத்தது. உள்ளே யாரோ மைக்கைப் பிடித்திருந்தார்கள். மைக் பழக்கமில்லாத குரல்.

"எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நான் பாய்லர்காரர் வீட்டுக்காரி பேசுறேன். அண்ணன் ஏன் எழுந்து போனார்னு உங்க யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். எங்க மனசு நோகக் கூடாதுன்னுதான் இத்தனை நாளா வாயை மூடிக்கிட்டு இருக்கார்."

சாவி பூட்டிலேயே நின்றது.

"அன்னைக்கு ஆஸ்பத்திரி வராண்டாவுல எம்பொண்ணு முழங்கால் போட்டு, 'அப்பாவையும் மாமாவையும் காப்பாத்துங்க இயேசப்பா'ன்னு ஜெபம் பண்ணினா. பாதி ஜெபம்தான் கிடைச்சுது. மீதிப் பாதி ஏன் கிடைக்கலைன்னு நான் தினமும் ஆண்டவர்கிட்ட சண்டை போடுறேன், அழறேன். அவர் இன்னும் பதில் சொல்லலை. சொல்ற வரைக்கும் அவர் கையை நானும் விடுறதா இல்லை."

செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொள்ளவில்லை.

"ஆனா எம்பொண்ணு, 'மாமாவைக் காப்பாத்தினதுக்கு நன்றி'ன்னு சொல்லாம ஒரு நாளும் தூங்கினதில்லைங்க" என்றது அந்தக் குரல். "கிடைச்ச அந்தப் பாதியை அண்ணன் வாயால ஒரு தடவை கேட்டுடணும்னுதான், நாங்க ரெண்டு பேரும் மாசாமாசம் மூணாவது பெஞ்சுல வந்து உட்கார்ந்திருக்கோம்."