பொருந்தாத கட்டம்

விடுதி முதலாளி கொடுத்த அச்சுப்படத்தின் மேல் கட்டங்கள் போட்டு, அமல்தாஸ் அதைப் பெரிய துணியில் பார்த்து வரைந்துகொண்டிருந்தான். பழைய டச்சு ஓவியம். தேவன் ஒருவன் தன் காதலியை வெள்ளைப் பசுவாக மாற்றி ஒளிக்கிறான். அவன் மனைவி வந்து பக்கத்தில் நிற்கிறாள். அந்தத் தேவியின் முகம் அச்சில் மங்கியிருந்ததால் தன் மனைவி ரெஜினாவை நிற்கவைத்து வரைந்தான். மூன்று நாட்களாகக் கால் கடுத்தாலும் அவளுக்குப் பெருமையாக இருந்தது.

"அப்புறம் தேவி என்ன செஞ்சா?"

"ஒண்ணும் தெரியாத மாதிரி, அந்த மாட்டை எனக்குக் குடுங்கன்னு கேட்டா. குடுத்தா காதலி போயிடுவா. குடுக்கலைன்னா குட்டு உடைஞ்சிடும்."

"நல்லா வேணும் அவனுக்கு" என்று ரெஜினா சிரித்தாள்.

நான்காம் நாள் அவன் டீ குடிக்கப் போனபோது, அவள் அச்சையும் துணியையும் கட்டம் கட்டமாக ஒப்பிட்டாள். கொம்பு, வால், புல் எல்லாம் சரியாக இருந்தன. ஒரே ஒரு கட்டம் பொருந்தவில்லை. அச்சில் பசுவின் கண் கறுப்பு. துணியில் தேன் நிறம், இமையோரத்தில் சின்ன மச்சம். எதிர்வீட்டு ஜெசிந்தா தினமும் அந்தக் கண்ணோடுதான் தண்ணீர் கேட்டு வருவாள்.

அவன் திரும்பி வந்து தூரிகையை எடுத்தான். ரெஜினா தன் இடத்துக்குப் போய், அவன் சொல்லித்தந்தபடியே கையை நீட்டி நின்றாள்.

"என்னங்க, படம் காஞ்சதும் அந்த மாட்டை மட்டும் வெட்டி எனக்குக் குடுத்துடுறீங்களா?"

தூரிகை துணியைத் தொடாமல் நின்றது. அவள் நீட்டிய கையை இறக்கவில்லை.