கழன்று விழுந்த லேபிள்

“கவர்மென்ட் கேக்காததை நீங்க ஏனுங்க கேக்கறீங்க?”

“எங்க கம்பெனி தானா ஏத்துக்கிட்ட சுற்றுச்சூழல் விதிங்க. சின்னக் குறை இருந்தாலும் மாசாமாசம் வருவேன். குறையே இல்லீன்னா வருசத்துக்கு ஒருக்காத்தான்.”

பரணி முதன்முதலாக வந்த அன்று அவனோடு சண்டை போட்டது சித்ராதேவிக்கு நினைவு வந்தது. நெருப்பெரிச்சல் ஊரில் ஜெர்மன்காரர்கள் நடத்தும் பனியன் கம்பெனியின் ஆய்வாளன் அவன். அவர்களுக்குத் துணிக்குச் சாயமேற்றிக் கொடுக்கும் அவள் அப்பாவின் சாயப்பட்டறையை மாதந்தோறும் சோதிக்க வருவான். ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு சாய டிரம்மில் லேபிள் இருக்காது.

இன்றும் சுத்திகரித்த தண்ணீர் பளிங்காக இருந்தது. ஒரு டிரம்மில் மட்டும் லேபிள் இல்லை.

“அடுத்த மாசமும் வரோணுங்க” என்றான் பரணி.

அப்பா நாச்சிமுத்து கொதித்தார். “இப்பத்தான தம்பி என் கையால ஒட்டுனேன்! பசை கூடக் காயலீங்க!”

பரணி திரும்பிப் பார்த்தான். சித்ராதேவி முதுகுக்குப் பின்னால் மறைத்த கையிலிருந்து லேபிள் நழுவி விழுந்தது. அவள் முகம் சிவந்துபோனது.

அவன் அதை எடுத்து டிரம்மில் ஒட்டினான்.

“பட்டறை பாஸாயிருச்சுங்க. இனி ஒரு வருசத்துக்கு நான் வர வேண்டியதில்லை.”

சித்ராதேவியின் முகம் வாடியது. இத்தனை மாதமாக நாக்கு நுனியில் நின்றதைப் பரணி நாச்சிமுத்துவிடம் கேட்டேவிட்டான்.

“ஞாயித்துக்கிழமை அப்பா அம்மாவைக் கூட்டிக்கிட்டு, உங்க ஊட்டுக்குப் பொண்ணு பாக்க வரட்டுங்களா?”