கண்ணில் படுவதை மட்டும்

போர்ட்டோ நகரின் அந்தச் சரிவுத் தெருவில் காலை வெயில் ஒரு பக்கச் சுவரில் மட்டும் விழுந்திருக்கிறது. கட்டடக்கலை முதலாண்டு மாணவர்கள் கருங்கல் படிகளில் உட்கார்ந்து, எதிரே சுவரெல்லாம் நீல ஓடு பதித்த வீட்டை வரைகிறார்கள். பென்சில் கூடாது, ரப்பர் கூடாது, பேனா மட்டும். யாரோ ஒரு பயணியின் பெட்டிச் சக்கரம் கல்லில் தடதடத்துப் போகிறது. இல்டா நிமிர்ந்தே பார்க்காமல் வரைகிறாள். போன கோடை வரை அவளும் அம்மாவும் குடியிருந்த வீடு அது. சுற்றுலாக்காரர்களுக்கு வாடகைக்கு விட வேண்டுமென்று வீட்டுக்காரர் காலி செய்ய வைத்துவிட்டார். வகுப்பில் யாருக்கும் தெரியாது. தாளில் பால்கனி வருகிறது, கொடிக்கம்பி வருகிறது, அதில் அம்மாவின் பூப்போட்ட ஏப்ரன் வருகிறது. பக்கத்தில் டோமே எட்டிப் பார்க்கிறான். "யாருக்கும்மா துவைச்சுக் காயப் போடுற? என் சட்டையும் ரெண்டு கிடக்கு." ஆசிரியை அப்ராண்டிஷ் குனிகிறார். "இல்டா, அங்க துணி எங்க காயுது?"

"இருந்துச்சு டீச்சர்."

"இருந்ததையா வரையச் சொன்னேன்? கண்ணுல படறத மட்டும் வரை. வேற தாள் எடு."

இல்டா வேறு தாள் எடுக்கிறாள். இப்போது நிமிர்ந்து பார்க்கிறாள். கம்பி வெறுமையாக இருக்கிறது. கதவருகே, அம்மா தினமும் துடைத்து வைத்த அந்தோணியார் படம் போட்ட ஓடு பெயர்க்கப்பட்ட இடத்தில், வருகிறவர்கள் சாவி எடுத்துக்கொள்ள எண்பூட்டுப் பெட்டி ஒன்று. அதன் ஒவ்வொரு பொத்தானையும் நிதானமாக வரைகிறாள்.

அப்ராண்டிஷ் அந்தத் தாளை உயர்த்திப் பிடித்து எல்லோருக்கும் காட்டுகிறார். "பாத்துக்குங்க, இப்படித்தான் வரையணும். கை எங்கயாவது நடுங்கியிருக்கா?"