சங்கரி பார்த்த சினிமா

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு கம்ப்யூட்டர் இருந்ததாம். ஊர் காஞ்சிபுரம். கம்ப்யூட்டர் இருந்தது பிள்ளையார்பாளையத்தில், குமாரசாமி வீட்டு முன் அறையில். பதினொரு வருஷமாக அவர் தறிக்கு ஏற்றிய பட்டுப்புடவை டிசைன்கள் அத்தனையும் அதற்குள்தான் இருந்தன. செவ்வாய்க்கிழமை மத்தியானம் வரைக்கும் இருந்தன.

புதன்கிழமை காலை, பழுது பார்க்க வந்த இளவரசன் ஒரு மணி நேரம் தட்டிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தான்.

"வைரஸ்ணா. எல்லா ஃபைலையும் பூட்டிடுச்சு. தொறக்க முடியாது. வேற காப்பி எங்க வெச்சிருக்கீங்க?"

"காப்பியா?" என்றார் குமாரசாமி. "பென்டிரைவ்ல ஒரு தடவ ஏத்தினா, அடுத்த வாரமே பக்கத்துத் தெரு தறியில அதே பார்டர் ஓடிக்கினு இருக்கும் தம்பி. இங்க எவனும் காப்பி வெக்க மாட்டான்."

இளவரசனுக்கு இது புதிதில்லை. அந்தத் தெருவில் எந்த வீட்டுக்குப் போனாலும் இதே பதில்தான்.

"அது எப்படிப்பா உள்ள வந்துச்சு? கடைக்காரங்க மெயில் பாக்கத்தான் இதுல நெட்டே போட்டேன்."

"எந்தப் பக்கத்தத் தொறந்தாலும் வரும்ணா. பாக்க நல்ல பக்கமாத்தான் இருக்கும். திடீர்னு ஒரு பெட்டி வந்து, 'உங்க கம்ப்யூட்டர்ல கோளாறு, இங்க அமுக்குங்க'ன்னு பயமுறுத்தும். அமுக்கினா முடிஞ்சிது. இருங்க, நேத்து என்ன பாத்திருக்காங்கன்னு பாத்துடலாம்."

பார்த்த பக்கங்களின் பட்டியலைத் திறந்தான். நேற்று மத்தியானம் ஒன்றரை மணியிலிருந்து மூன்று மணி வரை வரிசையாக இறங்கியது. படித்துக்கொண்டே வந்தவன் பாதியில் நின்றுவிட்டான்.

"நான்தாண்ணா" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

சங்கரி. ஆறு வருஷமாக அந்தக் கம்ப்யூட்டரில் டிசைன் வரைகிற பெண்.

"நீயா? என்னா பாத்த?" என்றார் குமாரசாமி.

"சினிமா. புதுப் படம் ஓசியில ஓடுதுன்னு ஒரு சைட்டு. நீங்க வெளிய போயிருந்தீங்க, பாத்தேன்."

இளவரசன் திரும்பி அவளைப் பார்த்தான். பட்டியலில் சினிமா எதுவும் இல்லை. அவள் கண்ணால் கெஞ்சினாள். அவன் பட்டியலை மூடிவிட்டான்.

குமாரசாமி கத்தியிருந்தால்கூடத் தேவலை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அடுத்த மாசம் சுகாசினிக்குக் கல்யாணம். எம் பொண்ணு கட்டிக்கப்போற புடவையோட முந்திகூட அதுலதாம்மா இருந்துச்சு."

"தெரியும்ணா. நான்தான வரைஞ்சேன்."

"அது தெரிஞ்சுமா சினிமா பாத்த?"

காபி டம்ளரோடு கதவோரம் நின்றிருந்த அவர் மனைவி மங்கையர்க்கரசி, "ஏங்க, அவளப் போயி..." என்று ஆரம்பித்தாள்.

"நீ சும்மா இரு. பொண்ணு மாதிரி, பொண்ணு மாதிரின்னு நீ தலைமேல தூக்கி வெச்சதுல வந்ததுதான் இது."

"அண்ணி, நீங்க உள்ள போங்க" என்றாள் சங்கரி.

மங்கையர்க்கரசி போகவில்லை. டம்ளரைத் தரையில் வைத்துவிட்டுக் கம்ப்யூட்டரையே பார்த்தாள்.

"இனிமே வராதம்மா" என்றார் குமாரசாமி, அவள் முகத்தைப் பார்க்காமல். "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா இந்தத் தெருவுல எதுவும் மறைஞ்சு கிடக்காது. எந்த வீட்டுலயும் இனி உன்ன கம்ப்யூட்டர் கிட்ட விட மாட்டாங்க."

சங்கரி தலையாட்டினாள். செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

இளவரசன் கருவிகளைப் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு பின்னாலேயே ஓடினான். தெரு முனையில் பிடித்துவிட்டான்.

"ஏம்மா, நில்லு. எதுக்குப் பொய் சொன்ன?" குரலைத் தாழ்த்திக்கொண்டான். "மார்புல கட்டி, வலியில்லாத கட்டி, ஆபரேஷன் இல்லாம கரையுமான்னு பதினாறு பக்கம் இருக்குது அதுல. ஒடம்புக்கு முடியலன்னு சொல்லியிருந்தா அந்த மனுஷன் உன்ன வெரட்டியிருப்பாரா?"

"எனக்கில்ல சார்."

"பின்ன?"

"நேத்து நான் சாப்பிட்டுத் திரும்பி வந்தப்ப, கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து அழுதுக்கினு இருந்தாங்க அண்ணி. எதையோ அமுக்கிட்டோம்னு பயந்து அழுவறாங்கன்னுதான் மொதல்ல நெனச்சேன். அப்புறந்தான் கட்டியப் பத்திச் சொன்னாங்க. போன்ல தேடினா சுகாசினி பாத்துடுவாளாம். கல்யாணம் முடியற வரைக்கும் வீட்டுல யாருக்கும் தெரியக் கூடாதாம்."

இளவரசன் பையைக் கீழே வைத்தான்.

"அதுவரைக்கும் அப்படியே விட்டுடுவாங்களா?"

"விடுவேனா சார்? கோயிலுக்குப் போறேன்னு சொல்லிட்டு வரச் சொல்லியிருக்கேன். நாளைக்குக் காலையில காரப்பேட்டை கேன்சர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போறேன். அண்ணன்கிட்ட என்ன சொல்லி லீவு கேக்கறதுன்னுதான் ராத்திரி பூரா யோசிச்சேன்."

துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இனிமே கேக்க வேண்டியதில்ல" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.