முதுகில் ஓர் ஊசி

"பச்சப் பிள்ளையோட முதுகுல ஊசி குத்துறதா? நான் கையெழுத்துப் போட மாட்டேன் டாக்டர்!"

பெர்னார்ட் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டான். முதுகில் ஊசி போட்டால் கால் விளங்காமல் போய்விடும் என்று ஜாலான் புசார் சாலையில் அவன் வேலை பார்க்கும் இரும்புக் கடையில் எவனோ ஒரு புண்ணியவான் சொல்லிவைத்திருந்தான். 

உள்ளே வார்டில் அவன் மனைவி உர்சுலா, ஆறு மாதக் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அழுதபடி இருந்தாள். குழந்தைக்கு இன்னும் தலை நிற்கவில்லை. இப்போது வலிப்பு வேறு.

"காலுக்கு ஒண்ணும் ஆகாது" என்றார் டாக்டர் ஆயிஷா. "முதுகுத்தண்டுக்குள்ள இருக்கிற நீர்ல கொஞ்சம்தான் எடுப்போம். அதை உறைய வச்சு, பிளேன்ல வெளிநாட்டு லேபுக்கு அனுப்பணும். நான் சந்தேகப்படுற நோய் பரம்பரையா வர்றது. அந்த நீரைப் பார்த்தாத்தான் சரியாத் தெரியும். அதுவா இருந்தா மருந்து இருக்கு. லேட்டாச்சுன்னா மூளை கெட்டுடும், அப்புறம் மருந்து குடுத்தும் பிரயோஜனமில்ல."

"அந்த நோய்தான்னு எதை வச்சு சொல்றீங்க?"

"அம்மா, அப்பா ரெண்டு பேர்கிட்டயும் ஒரே குறை மறைஞ்சிருந்தாத்தான் பிள்ளைக்கு வரும். ரொம்ப அபூர்வம் லா. சொந்தத்துல கட்டினவங்க பிள்ளைகளுக்குத்தான் அதிகமா வருது. நீங்க மாமா பொண்ணைத்தானே கட்டியிருக்கீங்க?"

பெர்னார்டுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அப்ப எங்களுக்கு இல்ல டாக்டர்! அத்தைக்குப் பிள்ளை இல்லேன்னு, மாமா கான்வென்ட் அநாதை இல்லத்துல இருந்து தூக்கிட்டு வந்து வளர்த்த பொண்ணு அவ. ரத்த சொந்தமே கிடையாது."

டாக்டர் நெற்றியைத் தடவிக்கொண்டார். "ஓ, அப்படியா? அப்படின்னா இதுக்கு வாய்ப்பு ரொம்பக் கம்மி. வேற காரணங்களை முதல்ல பார்த்துடலாம். இதை அடுத்த மாசம் யோசிப்போம்."

"அடுத்த மாசம் வேணாம் டாக்டர். இன்னைக்கே எடுங்க!"

சொன்னவர், பின்னால் மனைவியோடு உட்கார்ந்திருந்த மாமா மரியஅந்தோணி. பெர்னார்டின் அம்மாவுக்கு உடன்பிறந்த தம்பி. பிடோக்கில் இருக்கும் தன் வீட்டில் அவர் வாயைத் திறந்தால் மூடவைக்க ஆள் தேட வேண்டும். இன்று காலையிலிருந்து கப்சிப்பென்று இருந்த மனிதர், திறந்ததும் திறந்தார், இதற்குத்தானா? பெர்னார்டுக்கு எரிச்சலாக வந்தது.

"மாமா, நீங்க சும்மா இருங்க. மாமா பொண்ணைக் கட்டுறதுன்னா பிஷப் அனுமதி வேணுமேன்னு சாமியார் கேட்டப்ப, வளர்ப்புப் பொண்ணுதான், அனுமதியெல்லாம் தேவையில்லன்னு நீங்கதானே சொன்னீங்க? இப்ப மட்டும் என்ன?"

"எதுக்கும் பார்த்துடலாமே மாப்பிள்ளை."

"எதுக்கும் குத்திப் பார்க்க இது என்ன கத்திரிக்காயா? என் பிள்ளையோட முதுகு!"

மாமா தலையைக் குனிந்துகொண்டார். அறையில் ஏர்கான் ஓடிக்கொண்டிருந்தும் அவருக்கு வேர்த்துக் கொட்டியது. பெர்னார்டுக்கே பாவமாகிவிட்டது. பேத்தி என்றால் மனிதருக்கு உயிர். பயத்தில் ஏதோ உளறுகிறார் என்று நினைத்துக்கொண்டான். ஆனாலும் மனம் இளகவில்லை.

"பிள்ளையோட அப்பா சம்மதிக்கலேன்னா நான் ஒண்ணும் செய்ய முடியாது" என்று டாக்டர் எழுந்தார்.

மாமாவும் பாதி எழுந்தார். பக்கத்தில் இருந்த மனைவியைப் பார்த்தார். அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அல்போன்சம்மாள் அத்தை இவ்வளவு நேரமும் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். அதை முத்தமிட்டுப் பைக்குள் போட்டாள். மேசைமேல் கிடந்த பேனாவை எடுத்து பெர்னார்டின் கையில் திணித்தாள்.

"கையெழுத்துப் போடு பெர்னார்ட். இவரு அவளை எந்தக் கான்வென்ட்ல இருந்தும் தூக்கிட்டு வரல. உர்சுலா உன் மாமா பெத்த மகதான். நான் பெறல, அவ்வளவுதான்."