வலது கை

ஹெப்சிபாவின் தம்பி ஜோதம் பாஸ்டனில் பெயர் பெற்ற எழுத்தாளன். மூன்று வருடங்களுக்கு முன் வாதம் வந்து அவனுடைய வலது கை விழுந்துவிட்டது. தம்பி ஓய்ந்துவிட்டான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று, பிலடெல்பியா நண்பர் லெமுவேலுக்கு அன்றிலிருந்து அக்காதான் அவன் கையெழுத்திலேயே கடிதம் எழுதி வந்தாள். என்ன எழுதுவது என்று அவனை ஒரு நாளும் கேட்டதில்லை.

இப்போது லெமுவேலே கோச்சு வண்டி பிடித்து வந்து எதிரே உட்கார்ந்திருந்தார்.

"இந்த மூணு வருஷக் கடுதாசிய எங்க சபையில வாசிக்காத வாரமில்ல, ஜோதம். முன்னாடி நீ எழுதினதெல்லாம் வெறும் பூச்சு. இதுலதான் முதுகெலும்பு இருக்கு. புத்தகமாப் போடறேன். சம்மதம்னு ஒரு கையெழுத்துப் போடு."

போர்வைக்குள் ஜோதமின் வலது கை அசையவில்லை.

"பூச்சாம், கேட்டியா அக்கா?" என்று ஜோதம் சிரித்தான். "உண்மையச் சொல்லி மன்னிப்புக் கேட்டுடு."

"மன்னிப்புக் கேக்கற பழக்கம் நம்ம வீட்டுல யாருக்கும் கிடையாது."

ஹெப்சிபா நாற்காலியை இழுத்துப் போட்டு, முதுகு வளையாமல் உட்கார்ந்து, இறகுப் பேனாவை மையில் தோய்த்தாள். லெமுவேலின் கண்ணெதிரே தம்பியின் பெயரை எழுதினாள். மூன்று வருடமாக அவர் ரசித்த அதே வால் நீண்ட எழுத்து. திறந்த வாயை அவர் மூடவில்லை. அவளும் பேனாவைக் கீழே வைக்கவில்லை. அந்தப் பெயரை ஒரே கோட்டில் அடித்துவிட்டு, அதற்குக் கீழே தன் பெயரைத் தொடங்கினாள்.

காகிதம் நழுவாமல் இருக்க, லெமுவேல் அதன் ஓரத்தில் விரலை வைத்தார்.